எங்கேயோ கதவு திறந்திருக்கு

என் தங்கை மகன் குளிர்பதனக் கிடங்கின் உறை அறைக்குள் காலெடுத்து வைத்தால், சுவரில் படிந்த பனி இரு பக்கமும் ஒதுங்கி அவனுக்கு வழிவிடும். ஒருமுறை அசதியில் அவன் சாய்ந்து நின்ற ஐஸ்கிரீம் அடுக்கு மொத்தமும் உருகி ஓடி, கிடங்குப் பூனைகள் ஒரு வாரம் வேட்டைக்கே போகவில்லை. இப்படித்தான் போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். இதில் பாதி நான் திரித்த கயிறு. சரி, முக்கால். அந்தக் கிடங்கில் பூனையே கிடையாது; இருந்திருந்தால் சுகாதார ஆய்வாளர் அன்றைக்கே பூட்டுப் போட்டிருப்பார். மிச்சக் கால் பங்கு சத்தியம். அங்கே எல்லாரும் அவனை ஹீட்டர் என்றுதான் கூப்பிட்டார்கள்.

லாரிகள் பின்பக்கமாக வந்து முட்டி நிற்கும் நீளமான கட்டடம் அது. உள்ளே மீனும் இறைச்சியும் பட்டாணியும் கல்லாக உறைந்து கூரை வரை அடுக்கியிருக்கும். பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரி. மூச்சை இழுத்தால் மூக்கு மயிர் விறைத்துக் குத்தும். பஞ்சு வைத்த காற்சட்டை, மேல்சட்டை, ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கையுறை, கண் மட்டும் தெரியும் குல்லா என்று மற்றவர்கள் விண்வெளிக்குக் கிளம்புகிற மாதிரி கிளம்புவார்கள். ஹீட்டர் ஒரே ஒரு மேல்சட்டையோடு, அதிலும் ஜிப்பைப் பாதி இறக்கிவிட்டுக்கொண்டு, தள்ளுவண்டியை உருட்டியபடி போவான். விசில் அடித்ததும் எல்லாரும் வெளியே வந்து உடம்பைச் சூடேற்றிக்கொள்ள ஓர் இடை அறை உண்டு. ஒரு பெஞ்சு, ஒரு மின்கெண்டி, ஹீட்டர். கெண்டியில் தண்ணீர் கொதிக்கும் வரை பொறுமை இல்லாதவர்கள் அவன் மேல்சட்டைக்குள் பின்பக்கமாகக் கையை விட்டு முதுகில் வைத்துக்கொள்வார்கள். ஒரே நேரத்தில் நாலைந்து பேர். அவன் டீயை உறிஞ்சிக்கொண்டு தூண் மாதிரி நிற்பான்.

எடை நூற்று நாற்பது கிலோ. தன் உடம்பைப் பற்றிய கிண்டல் எதுவானாலும் முதலில் அவனே சொல்லிவிடுவான். பஸ்ஸில் அவன் பக்கத்தில் உட்காருகிறவரிடம், "கால்வாசி சீட் உங்களுக்கு, முக்கால்வாசி எனக்கு, ஜன்னல் பொதுச்சொத்து" என்பான். மற்றவர்களுக்குச் சிரிப்பதைத் தவிர வேறு வேலை மிச்சம் வைக்கமாட்டான். பருத்தவர்களின் உடம்பு மந்தமாக எரிகிறது என்று ஊரே நம்புகிறது. நான் கல்லூரியில் உடலியல் படித்தவள், சொல்கிறேன்: பெரிய உடம்பு சும்மா உட்கார்ந்திருந்தாலும் சின்ன உடம்பைவிட அதிகம் எரிக்கும். பெரிய வீட்டுக்குப் பெரிய அடுப்பு. அந்தச் சூட்டைத்தான் சக வேலைக்காரர்கள் ஓசியில் அனுபவித்தார்கள்.

அவன் மனைவிக்கும் அங்கேதான் வேலை. கதவுக்காரி என்பது அவளுக்கு வந்த பெயர். கிடங்கின் கதவுகள் ஒவ்வொன்றிலும் சுற்றிலும் ரப்பர் பட்டை ஓடும். அது எங்காவது தேய்ந்தோ வெடித்தோ போனால் குளிர் வெளியே போய் வெக்கை உள்ளே வந்துவிடும். அவள் ஒரு காகிதத் துண்டைக் கதவிடுக்கில் வைத்து, கதவைச் சாத்தி, மெல்ல இழுத்துப் பார்ப்பாள். காகிதம் இறுகப் பிடித்துக்கொண்டால் கதவு நல்ல கதவு. வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கே கசிவு. ஒருநாள் ஒரு கதவு மூடவே மாட்டேன் என்று அடம்பிடிக்க, என்னவென்று பார்த்தால் வாசலை அடைத்துக்கொண்டு ஹீட்டர் நின்று யாருடனோ கதை பேசிக்கொண்டிருந்தான். அவள் திட்டிய திட்டில்தான் காதல் பிறந்தது என்று அவன் சொல்வான். திட்டு நிஜம், காதல் பிறகு வந்தது என்று அவள் சொல்வாள்.

விசில் அடிக்கிற மேற்பார்வையாளருக்குப் பெயரே விசில்தான். அவருக்கு ஒரு வேதம் இருந்தது. அறையின் வெப்பம் ஏறுகிறது, ஆனால் குளிரூட்டும் மெஷின் ஓடுகிறது என்றால் அவர் மெஷினைப் பார்க்கவே போகமாட்டார். "மெஷின் பொய் சொல்லாது. எங்கேயோ கதவு திறந்திருக்கு" என்பார். தேடினால் எங்கேயாவது திறந்துதான் இருக்கும். அந்தக் கிடங்கில் வேலை பார்த்த அத்தனை பேருக்கும், கதவுக்காரிக்கு எல்லாரையும்விட அதிகமாக, இது எலும்பில் ஊறிப்போயிருந்தது.

ஹீட்டருக்கு ஒரே தங்கை. எங்களுக்கு அவள் சின்னவள். மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடியைச் சட்டத்துக்கு ஏற்றபடி தேய்த்துக் கொடுக்கிற வேலை. கண்ணாடியைவிட அவள் நாக்கு கூர்மை. கால் வீங்குகிறது, முகம் வீங்குகிறது என்று போனவளுக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன என்று சொல்லி அனுப்பினார்கள். அதற்குப் பிறகு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் நாற்காலி. ஒரு நாள் மெஷின், மறுநாள் களைப்பு, அதற்கடுத்த நாள் மறுபடி மெஷின். கண்ணாடிக் கடை வேலை போயிற்று. மாற்றுச் சிறுநீரகம் கொடுத்தால் பிழைப்பாள் என்றார்கள். ரத்தம் பொருந்தியது அண்ணனுக்கு மட்டும்.

அறுவை மருத்துவர் நல்ல மனிதர்தான். பொருத்தமெல்லாம் சரி, இந்த எடையில் உங்களைக் கத்திக்குக் கீழே படுக்கவைக்க மாட்டேன் என்றார். ஒரு சிறுநீரகத்தைக் கொடுத்துவிட்டு மிச்சமிருப்பதை வைத்துக்கொண்டு இவன் ஆயுசு முழுக்க ஓட்ட வேண்டும். இவ்வளவு பாரமும், எல்லைக்கோட்டில் நிற்கிற சர்க்கரையும் அதற்கு ஆகாது. நூற்றைந்து கிலோவுக்கு வந்தால் பார்க்கலாம் என்றார். கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார்: "இறக்கினா மட்டும் போதாது. இறங்கின இடத்துல நிக்கணும்."

ஹீட்டர் அன்றைக்கே ஆரம்பித்தான். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி என்று சொல்வோமே, அதைக் கண்ணால் பார்த்தேன். கதவுக்காரி சமையலறையில் தராசு வைத்தாள். வேகவைத்த காய், ஒரு முட்டை, கைப்பிடி அளவு தானியம், எண்ணெய் இருந்ததாக வதந்தி மட்டும். பஸ்ஸை விட்டுவிட்டு நடந்தே வேலைக்குப் போனான். முதல் மாதங்களில் எடை படியிறங்கி வந்தது. சர்க்கரை சரியான இடத்துக்கு வந்தது. ரத்த அழுத்தம் தணிந்தது. குறட்டை நின்றுபோய், அந்த அமைதியில் கதவுக்காரிக்குத் தூக்கம் வரவில்லை. காற்சட்டையை இடுப்பில் கயிறு கட்டிப் பிடித்துக்கொண்டு, மருத்துவமனையில் தங்கையின் நாற்காலியைச் சுற்றி நடந்து காட்டினான். சின்னவள் சிரித்துச் சிரித்துக் குழாய் ஆட, செவிலி வந்து இரண்டு பேரையும் அதட்டினாள். உன் சிறுநீரகம் என் இடுப்புக்குள் வந்தால் நானும் பசிபசி என்று பறப்பேனா என்று சின்னவள் கேட்டாளாம். இல்லை, பஸ்ஸில் முக்கால் சீட் கேட்பாய் என்றானாம்.

அதற்குப் பிறகு எடை நின்றது.

அதே தட்டு, அதே தராசு, அதே நடை. நூற்றுப் பதினைந்துக்குப் பக்கத்தில் வந்து முள் அசைய மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டது. ஒரு வாரம் பொறுத்தார்கள், ஒரு மாதம் பொறுத்தார்கள். கதவுக்காரி தராசைக் கிடங்குக்கு எடுத்துக்கொண்டுபோய் அங்கே இருக்கிற பெரிய தராசோடு ஒத்துப் பார்த்தாள். தராசில் குற்றமில்லை. மெஷின் ஓடுகிறது, எடை இறங்கவில்லை. அவளுக்குத் தெரிந்தது ஒரே பதில்.

கெட்ட மனசோடு அவள் தேடவில்லை. நாத்தனார் உயிர் போய்க்கொண்டிருக்கிறது, புருஷனைக் கோபிக்க அவளுக்கு நேரமில்லை. கசிவைக் கண்டுபிடித்து அடைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்தாள். அவன் மேல்சட்டைப் பைகளை உதறிப் பார்த்தாள். கிடங்கு வாசலுக்கு எதிரே டீக்கடை வைத்திருந்த அம்மாவிடம் பேச்சுவாக்கில் விசாரித்தாள். வேலை முடிந்து வந்தவன் வாயருகே முகத்தைக் கொண்டுபோனாள். அவன் முத்தம் என்று நினைத்துக்கொண்டு கண்ணை மூடினான், அவள் முகர்ந்து பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். விசிலிடமும் சொல்லிவைத்தாள். அவர் உறை அறையில் பெட்டிகளை எண்ணுவதை விட்டுவிட்டு ஹீட்டரின் வாயை எண்ண ஆரம்பித்தார்.

ஒருநாள் மதியம் காலைப் பணி முடிந்து வீட்டுக்கு வந்தவன் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குள் போயிருக்கிறான். டம்ளர் இருக்கும் அலமாரியைத் திறந்தான். கதவிடுக்கிலிருந்து ஒரு காகிதத் துண்டு நழுவி அவன் காலடியில் விழுந்தது. கிடங்கில் தினமும் அவன் பார்க்கிற அதே துண்டு, அதே அகலம். பக்கத்து அலமாரியிலும் ஒன்று சொருகியிருந்தது. ரொட்டிப் பெட்டியின் மூடியிலும் ஒன்று. அவன் குனிந்து எடுத்து, அது இருந்த இடத்திலேயே வைத்து, கதவைச் சாத்தினான். தண்ணீர் குடித்தானா என்று தெரியாது. இதை அவன் அவளிடம் சொல்லவில்லை. என்னிடமும் பல நாள் கழித்து, வேறு ஏதோ பேசும்போது நடுவில் சொன்னான்.

அந்த நாட்களில் அவனுக்கு உண்மையில் நடந்தது வேறு. முதலில் பசி. சாப்பிட்டு எழுந்த கையோடு மறுபடி பசிக்கும். அலுவலக அறையில் மூடிய தகர டப்பாவுக்குள் பிஸ்கட் இருப்பது அவனுக்கு வராந்தாவிலேயே தெரிந்துவிடும். கல்லாக உறைந்த மீன்பெட்டிக்கு வாசனை வருகிறது என்றான். என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு ஒருநாள் மெதுவாகச் சொன்னான்: "பெரியம்மா, பசி வயித்துல இல்ல. மண்டைக்குள்ள ஒருத்தன் உக்காந்துக்கிட்டு பேசிக்கிட்டே இருக்கான். தூக்கத்துலயும் நிறுத்த மாட்டேங்கிறான்."

பிறகு குளிர். அதுவரை அவனுக்குக் குளிர் என்றால் சொல் மட்டும். இப்போது ஜிப் கழுத்து வரை ஏறியது. உள்ளே ஒரு சட்டை, அதற்கும் உள்ளே இன்னொன்று. இடை அறையில் வழக்கம்போல முதுகில் கை வைத்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு கையை எடுத்துவிட்டார்கள். அவர்களுக்குச் சொல்ல வாய் வருமுன் அவனே, "ஹீட்டர்ல கரண்ட் போயிடுச்சு, போய்க் கெண்டியைப் பிடிங்கடா" என்றான். சிரித்தார்கள். அவனும் டீக் கோப்பையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

கதவுக்காரி தன் சந்தேகத்தைச் சின்னவளிடமும் சொல்லியிருக்கிறாள். சொல்லியிருக்கக் கூடாது. சின்னவளுக்கு அப்போது நாக்கு கொஞ்சம் மழுங்கியிருந்தது; முகம் சாம்பல் நிறமாகி, தோல் அரித்து, படிக்கட்டில் ஏற ஆள் பிடிக்க வேண்டியிருந்தது. அடுத்த தடவை அண்ணன் வந்து நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்ததும் அவன் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணா, முடியலைன்னா முடியலைன்னு சொல்லிடு. நான் கோவிச்சுக்க மாட்டேன். ஒளிச்சு மட்டும் சாப்பிடாத."

ஹீட்டர் முகத்தில் ஈயாடவில்லை. சரி என்று தலையாட்டினான். நான் சாப்பிடவில்லை என்று அவன் அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்டபோது, அதைச் சொன்னால் அவள் அண்ணி பொய் சொன்னாள் என்று ஆகிவிடும், நோயாளி அதைச் சுமக்க வேண்டாம் என்று நினைத்தேன் என்றான். எனக்கென்னவோ, அவனுக்கே தன்மேல் சந்தேகம் வந்துவிட்டிருந்தது என்று தோன்றுகிறது. ஊரும் வீடும் சேர்ந்து கதவு திறந்திருக்கிறது என்று சொன்னால், எந்தக் கதவும் கொஞ்சம் யோசிக்கத்தான் செய்யும்.

அன்றிலிருந்து அவன் தட்டில் இருந்ததிலும் பாதியை விட்டான். கதவுக்காரிக்குத் தெரியாமல், சாப்பிட்டதாகக் காட்டிவிட்டுத் தன் பங்கைப் பையில் போட்டுக்கொண்டுபோய் வாசல் நாய்க்கு வைத்தான். திருட்டுத்தனமாகத் தின்கிறான் என்று அவள் தேட, அவன் திருட்டுத்தனமாகப் பட்டினி கிடந்தான். முள் அசைந்தது. நூற்றுப் பத்துக்கு வந்தது. கதவுக்காரிக்கு முகமெல்லாம் மலர்ச்சி. கசிவு அடைபட்டுவிட்டது என்று விசிலிடம் போய்ச் சொன்னாள்.

உறை அறையில் உடம்பு நடுங்குகிறவரை பயமில்லை என்று அங்கே வேலை செய்கிற எல்லாருக்கும் தெரியும். நடுக்கம் நின்றால்தான் ஆபத்து. அந்த வாரக் கடைசியில் விசில் அடித்தபோது எல்லாரும் வெளியே வந்தார்கள், ஹீட்டர் வரவில்லை. மறுபடி அடித்தார். பிறகு அவரே உள்ளே ஓடினார். மீன்பெட்டி வரிசைக்கு நடுவில் மரப்பலகை மேல் அவன் உட்கார்ந்திருந்தான். ஒரு கையுறை கழன்று கிடந்தது. ஏற்கெனவே கழுத்து வரை போட்டிருந்த ஜிப்பை இன்னும் மேலே இழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தான். நடுக்கம் இல்லை. எழுந்திருடா என்றதற்கு, வந்துட்டேன் வந்துட்டேன் என்று பதில் சொன்னானே தவிர அசையவில்லை. தள்ளுவண்டியில் ஏற்றி வெளியே உருட்டிக்கொண்டு வந்தார்கள். இடை அறையில் அத்தனை பேரும் அவன் முதுகிலும் மார்பிலும் கையை வைத்துத் தேய்த்தார்கள். இந்தத் தடவை தங்கள் சூட்டைக் கொடுப்பதற்கு.

உயிருக்கு ஒன்றுமில்லை. இரண்டு விரல் நுனி மட்டும் மரத்துப்போய் அப்படியே நின்றுவிட்டது. ஆனால் கொடையாளி ஒருவன் பட்டினியால் விழுந்தான் என்று ரத்தப் பரிசோதனையில் தெரிந்து, செய்தி அறுவை மருத்துவருக்குப் போய்விட்டது. அவர் எல்லாவற்றையும் நிறுத்திவைத்தார். உடம்பு தேறி, சரியான வழியில் எடை இறங்கி, அதில் சில மாதம் நின்று காட்டினால் மட்டும் என்னிடம் வாருங்கள் என்றார்.

உணவியல் ஆலோசகரிடம் அனுப்பினார்கள். சளி பிடித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருந்த சின்னப் பெண். ஹீட்டரைப் படுக்கவைத்துத் தலைமேல் கண்ணாடிக் கூடு மாதிரி ஒன்றைக் கவிழ்த்து, அவன் விடுகிற மூச்சை அளந்தாள். ரத்தம் எடுத்துப் பார்த்தாள். கதவுக்காரியும் நானும் எதிரே உட்கார்ந்திருந்தோம். எங்கே கசிகிறது என்று கண்டுபிடித்தீர்களா என்று கதவுக்காரி கேட்டாள். என்ன கசிவு என்று அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. கிடங்கு, கதவு, காகிதம், விசிலின் வேதம் எல்லாவற்றையும் நான்தான் விளக்க வேண்டியிருந்தது. கேட்டுவிட்டு அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"கசிவே இல்லம்மா. மெஷின்தான் தானா வேகத்தைக் குறைச்சுக்கிச்சு."

பிறகு அவள் சொன்னதை, நானும் கொஞ்சம் படித்தவள் என்பதால், என் வாயால் சொல்கிறேன். கொழுப்பு என்பது மூட்டை மாதிரி சும்மா தொங்குகிற சுமை இல்லை. அது மூளைக்கு இடைவிடாமல் தகவல் அனுப்பும். லெப்டின் என்ற ஹார்மோன்தான் அந்தத் தூதன்: சரக்கு இருக்கிறது, கவலை வேண்டாம் என்று சொல்கிறவன். கொழுப்பு கரையக் கரையத் தூதன் இளைத்துப்போகிறான். எடை குறைய வேண்டும் என்று அறுவை மருத்துவர் சொன்னது மூளைக்குத் தெரியாது. அது பஞ்சம் வந்துவிட்டது என்று முடிவு கட்டுகிறது. உடனே இரைப்பையிலிருந்து வருகிற பசி ஹார்மோன் ஏறுகிறது. போதும் போதும் என்று குடல் அனுப்புகிற தகவல்கள் இறங்குகின்றன. தைராய்டு தன் வேகத்தைத் தணித்துக்கொள்கிறது, சூடு குறைகிறது. அதே பெட்டியைத் தூக்கத் தசை முன்பைவிடக் குறைவாக எரித்துச் சமாளிக்கக் கற்றுக்கொள்கிறது. உடம்பு சிறிதானால் செலவு குறைவது இயற்கை. அவனுக்கு அந்தக் கணக்கையும் தாண்டிக் குறைந்திருந்தது. எல்லாருக்கும் ஒரே அளவில் இப்படி நடப்பதில்லையாம், இவனுக்கு அதிகம். இன்சுலின் ஒழுங்காக வேலை செய்ய ஆரம்பித்தது, குறட்டை நின்றது, இவை எல்லாம் அதே எடைக்குறைவு கொடுத்த நன்மைகள்; அவையும் பொய்யில்லை. ஆனால் அந்தப் பசி, ஒரு வருடம் கழித்தும் பலருக்கு அடங்குவதில்லை என்றாள். அவன் பட்டினி கிடந்தது அந்தப் பஞ்சக் கதையை மூளைக்கு உறுதிப்படுத்திவிட்டது.

அப்படியென்றால் அவர் எதையும் ஒளித்துச் சாப்பிடவில்லையா என்று கதவுக்காரி கேட்டாள். இவ்வளவு சாப்பிட்டால் இந்த எடையில் நிற்பார் என்று மூச்சை அளந்த கணக்கு சொல்வதும், நீங்கள் தட்டில் போட்டதாகச் சொன்னதும் ஒன்றாகத்தான் இருக்கிறது என்றாள் அந்தப் பெண். கடைசி வாரங்களில் அதைவிடக் குறைவு. கதவுக்காரி கைப்பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். விரல் நுனி வெளுத்துப்போகிற வரை சுற்றினாள். வீட்டுக்குப் போனதும் அலமாரிகளில் இருந்த காகிதங்களை உருவி எடுத்தாள். ஹீட்டர் பார்த்துக்கொண்டிருந்தான்.  மறுநாள் அவள் கிடங்கில் வேலைக்கு வந்த ஒவ்வொருவரிடமும், டீக்கடை அம்மாவிடமும், விசிலிடமும் போய், நான் சொன்னது தப்பு என்று தனித்தனியாகச் சொல்லிவிட்டு வந்தாள். விசில் நம்பவில்லை. கதவு திறந்துதான் இருந்திருக்கும், நீ சரியாகப் பார்க்கவில்லை என்றார்.

சின்னவளிடமும் போனாள்.  அடுத்த முறை அண்ணன் வந்ததும், நான் அன்றைக்குச் சொன்னதை மறந்துவிடு என்றாள் சின்னவள். எதை மறப்பது, நீ தினம் ஆயிரம் சொல்கிறாய் என்றான் அவன். அவள் அவன் மரத்துப்போன விரல் நுனிகளைப் பிடித்து அமுக்கி, இங்கே தெரிகிறதா, இங்கே தெரிகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் தெரியாத இடத்துக்கும் தெரிகிறது என்றான்.

மறுபடி ஆரம்பித்தார்கள். இந்த முறை அவசரமில்லாமல், பசியை அடக்க வாரத்துக்கு ஓர் ஊசி, தசை கரையாமலிருக்கக் கனம் தூக்கும் பயிற்சி, தட்டில் கொஞ்சம் கூடுதலாக முட்டையும் பருப்பும். விசில் அவனை உறை அறைக்குள் விடவில்லை. வெளியே லாரி முற்றத்தில் வெயிலில் போட்டார். பட்டினியில் போனது முதலில் திரும்பி வந்தது. பிறகு மெல்ல, அரைக் கிலோ, கால் கிலோ என்று இறங்கியது. மண்டைக்குள் பேசுகிறவன் இப்போது கொஞ்சம் தணிந்து பேசுகிறான் என்றான். சின்னவள் சுவரில் நாட்காட்டி மாட்டவிடவில்லை. பார்த்துக்கொண்டிருந்தால் நாள் போகாது என்றாள்.

அவளுக்குக் கழுத்தில் போட்டிருந்த டயாலிசிஸ் குழாயின் வழியே கிருமி ரத்தத்துக்குள் போனது. குளிர்க் காய்ச்சல் என்று போர்த்திக்கொண்டு படுத்தாள். திங்கட்கிழமை மருத்துவமனையில் சேர்த்தோம். வாரம் முடியவில்லை. ஹீட்டர் அப்போது மருத்துவர் போட்ட கோட்டுக்கு இன்னும் ஆறு கிலோ மேலே இருந்தான். தீவிர சிகிச்சை அறைக்கு வெளியே அறுவை மருத்துவர் வந்து அவன் தோளைத் தொட்டார். நீங்கள் கோட்டுக்குக் கீழே இருந்திருந்தாலும் இந்தக் காய்ச்சலோடு அறுத்திருக்க முடியாது என்றார். அது ஆறுதலுக்குச் சொன்னது. ஹீட்டர் அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. மூன்று மாதம் முன்னால் முடிந்திருந்தால் என்று மட்டும் சொன்னான், அவரிடம் இல்லை, தரையிடம்.

அவளைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோன அன்று மழை. வந்தவர்களில் பாதிப் பேர் அவனைத்தான் பார்த்தார்கள். பழைய சட்டைகள் அவன் மேல் கொடியில் காய்கிற மாதிரி தொங்கின. இவ்வளவு இளைத்தும் பிரயோஜனமில்லையே என்று ஒருத்தி என் காதில் சொன்னாள். நான் அவள் காலை மிதித்தேன். மிதித்தது தெரியாமல் பட்டது என்று இப்போதும் சாதிக்கிறேன்.

அதற்குப் பிறகு அவன் ஊசி வாங்கப் போகவில்லை. எதற்கு என்றான். பஞ்சம் வந்த ஊரில் மழை பெய்தால் நிலம் எப்படி இழுக்குமோ, அந்த உடம்பு அப்படிக் காத்துக்கொண்டிருந்தது. ஒரே மாதத்தில் பழைய எடை மொத்தமும் திரும்பி வந்து அவன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. காலையில் போட்ட பொத்தான் மாலையில் தெறித்தது. தங்கை போனதும் வாயைத் திறந்துவிட்டான் என்று அக்கம்பக்கம் பேசியது.

இதுவரை எழுதியதைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தேன். எதிரே துணி மடித்துக்கொண்டிருந்த கதவுக்காரி கையிலிருந்த சட்டையைக் கீழே வைத்தாள்.

"ஒரே மாசம்னு எழுதாதீங்க பெரியம்மா. மூணு வருஷம் ஆச்சு. ஒவ்வொரு கிலோவும் அவரை அடிச்சுத் தள்ளிட்டுத்தான் உள்ள வந்துச்சு. வாயைத் திறக்கவும் இல்ல. ரெண்டு தட்டுலயும் நான்தான் போடுறேன். அவர் தட்டுல என் தட்டை விட கம்மி. இப்பவும் கம்மிதான்."